ஒரு சைக்கிள், இரண்டு ஷிப்ட்

எழுபத்தெட்டில் நானும் என் மச்சான் அய்யாக்கண்ணுவும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு சைக்கிள் வாங்கினோம். அரியலூருக்கு வெளியே ஒரே ஆலையில் இருவருக்கும் தினக்கூலி வேலை. அவனுக்குக் காலை ஆறு முதல் இரண்டு, எனக்கு இரண்டு முதல் இரவு பத்து. வேறு வேறு ஷிப்ட்டுக்கு எதற்கு இரண்டு சைக்கிள் என்று பெரிய அறிவாளிகள் மாதிரி பேசிக்கொண்டோம்.

முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். சைக்கிள் இல்லை. எப்படி இருக்கும்? அது மச்சானோடு ஆலையில் அல்லவா நிற்கிறது! அவன் இரண்டு மணிக்கு வெளியே வந்தால்தான் அதுவும் வரும். நானோ இரண்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். வேகாத வெயிலில் நான்கு மைல் ஓடினேன். 'லேட்' என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் சீக்கிரமே நடந்தேன், ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. இரண்டாவது லேட். அந்த மாதம்தான் ஆட்களை நிரந்தரம் செய்யப்போகிறார்கள். மூன்று லேட் ஆனால் பட்டியலில் பேர் கிடையாது.

"ரெண்டு பேரும் சேந்து யோசிச்ச லட்சணமா இது?" என்றாள் என் மனைவி லீலாவதி. அய்யாக்கண்ணுவின் தங்கைதான். "காலையில அண்ணன்கூட கேரியர்ல போறேன். அண்ணன் உள்ள போனதும் சைக்கிளை ஓட்டிட்டு வூட்டுக்கு வந்துடுறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தா.பழூர்ல வாடகை சைக்கிள் எடுத்துக் கத்துக்கிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் யாரு என்னைத் தொட வுட்டா?"

மறுநாள் காலை அண்ணனும் தங்கையும் போனார்கள். ஏழு மணிக்கு வர வேண்டியவள் பன்னிரண்டாகியும் வரவில்லை. விழுந்து கிழுந்து வைத்தாளோ என்று ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் அலைந்துவிட்டு, ஒன்றரை மணிக்கு ஆலைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் மணி அடித்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் புழுதியாக லீலாவதி! அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன எனக்கு.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"கீழப்பழுவூரு வரைக்கும். ரோடு நல்லா இருந்துச்சு, போயிக்கிட்டே இருந்துட்டேன். ஏறுங்க!"

"எறங்கு, நான் ஓட்டுறேன்."

"எறங்கி ஏறுறதுக்குள்ள ஆலை கேட்டை மூடிடுவான். உக்காருங்கன்னா!"

உட்கார்ந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிக்காரன் ஒருவன் தலையை நீட்டி, "மாப்ள, மாமியார் வூட்டுக்கா?" என்று கத்தினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆலைச் சங்கு ஊத ஆரம்பித்ததும் வெட்கமாவது ஒன்றாவது! "மிதிடி, இன்னும் மிதி!" என்று நானே கத்தினேன். கேட்டில் குதித்து உள்ளே ஓடினேன். சங்கு ஓய்வதற்குள் வருகையைப் பதிந்துவிட்டார்கள். பேர் தப்பித்தது.

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தேன். வேலை முடிந்து வெளியே போன மச்சான் சைக்கிளுக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் இறங்கவே இல்லை, வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தாள்.

"அண்ணே, பின்னாடி உக்காரு. இல்லன்னா நடந்து வா."

கல்யாணமான அந்த ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மச்சான் கேட்டுக்கு வெளியிலிருந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"ஏறிக்க மச்சான்," என்று கத்தினேன். "நல்லா ஓட்டுறா."