விழாமல் போன பிரேக்கர்

சாயங்காலம் ஆனால் போதும், அந்தப் பெண்கள் விடுதியின் மாடியில் கூத்து தொடங்கிவிடும். வேலை முடிந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் நுழைந்து ஏசியைப் போடுவார்கள். மூன்று ஓடும், நான்கு ஓடும். ஐந்தாவது ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். மாடி முழுக்க ஏசி நின்றுவிடும். விடுதிக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, பிரேக்கர் பெட்டியைத் திறந்து, கரண்டை நிறுத்திவிட்டு விழுந்து கிடக்கும் பிரேக்கரைத் தூக்கிவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்பார். தண்ணீர் வராவிட்டாலும், கதவுத் தாழ்ப்பாள் உடைந்தாலும் அதே வசனம்தான். அதனால் அவருக்கு அட்ஜஸ்ட் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த மாடிக்கு வயரிங் செய்தவள் அவருடைய மனைவியின் தங்கை. லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன். அவள் வயர் இழுத்தபோது மாடியில் இரண்டே ஏசி. அதற்கேற்ற வயர், அந்த வயருக்கேற்ற இருபத்தைந்து ஆம்பியர் பிரேக்கர் என்று கச்சிதமாகத்தான் போட்டிருந்தாள். பிறகு அத்தான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய ஏசி நான்கை மலிவாக வாங்கி வந்து அதே வயரில் மாட்டிக்கொண்டார். பிரேக்கர் விழ ஆரம்பித்ததும் பழி மட்டும் மச்சினி தலையில் விழுந்தது.

"நீ போட்ட பிரேக்கர் நோஞ்சானா இருக்கு. பெரிசா ஒண்ணு மாட்டிவிடு" என்றார்.

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். பிரேக்கர் இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. தாங்கும் அளவைத் தாண்டிக் கரண்ட் போனால் வயர் கொதிக்கும், அதற்கு முன் பிரேக்கர் விழுந்தே ஆக வேண்டும். வயரை அப்படியே விட்டுவிட்டுப் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால் வயர்தான் எரியும். ஆறு ஏசி வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனிப் பிரேக்கர், ஆறும் சேர்ந்து ஓடினாலும் தாங்குகிற தடித்த கேபிள் கீழிருந்து வர வேண்டும். சுவரை வெட்டி முடிக்கும்வரை மாடியைக் காலியாக வைக்க வேண்டும். காலி என்ற சொல்லைக் கேட்டதும் அத்தானுக்குக் காது அடைத்துவிட்டது.

அக்காவும் புருஷனுக்குத்தான் பரிந்து பேசினாள். கல்யாணமான நாளிலிருந்து தலையாட்டிப் பழகியவள் வேறென்ன பேசுவாள்?

"சொந்தத்துக்குள்ள எதுக்குடி சட்டம் பேசற? மாட்டிட்டுப் போயேன்."

"சொந்தம்னா கரண்டு சும்மா விட்டுடுமாக்கா? மாட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கை கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மறுவாரமே எவனோ ஒருவன் வந்து அறுபத்து மூன்று ஆம்பியர் பிரேக்கரை மாட்டிவிட்டுப் போனான். அதன் பிறகு அது விழவேயில்லை. ஆறு ஏசியும் ஜில்லென்று ஓடின. அத்தான் போவோர் வருவோரிடமெல்லாம் மச்சினியின் படிப்பைக் கிண்டலடித்து மகிழ்ந்தார்.

ஒரு விடுமுறை நாள். காலையிலிருந்து ஆறு ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன. மாடியில் தங்கியிருந்த நர்ஸ் ஒருத்தி தூக்கம் கலைந்து கீழே வந்து, கட்டிலை ஒட்டிய சுவர் சுடுகிறது, கருகல் வாடையும் வருகிறது என்றாள். அது வெயில் படாத சுவர். அக்கா மேலே போய்க் கையை வைத்தாள், வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கணவரிடம் சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். தங்கைக்குப் போன் செய்தாள்.

தங்கை வந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முதலில் பிரேக்கரை இறக்கி மாடி ஏசி மொத்தத்தையும் நிறுத்தினாள். சுவரில் வயர்கள் கூடும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது வயர்களின் மேலுறை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிரேக்கர் பெட்டியைத் தன் பூட்டால் பூட்டினாள். அறை அறையாகப் போய், ஏசி ஏன் ஓடாது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

சத்தம் கேட்டு அட்ஜஸ்ட் சார் ஓடி வந்தார்.

"என் கட்டடத்தைப் பூட்ட நீ யாரு? சாவியக் குடு. இல்லேன்னா இனிமே இந்தப் படி ஏறாதே."

"ஏறல அத்தான். ஆனா சாவி தர மாட்டேன். நீங்க பூட்டை உடைச்சா நேரா கரண்ட் ஆபீஸ் போயி, மொத்த லைனையும் வெட்டச் சொல்லுவேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். வழக்கம்போல அவள் தன் பக்கம் பேசுவாள் என்ற தைரியம். அக்கா தங்கையிடம் கையை நீட்டினாள். தங்கை தயங்கித் தயங்கிச் சாவியைக் கொடுத்தாள். அத்தானின் முகம் மலர்ந்தது. அக்காவோ சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு புருஷனுக்கு எதிரே போய் நின்றாள்.

"தாங்காதுன்னு சொன்ன பிரேக்கரைக் கழட்டிப் போட்டோம். வேணாம்னு சொன்ன இவளத் துரத்தி விட்டோம். எச்சரிக்கை பண்றவங்க வாயை அடைச்சா ஆபத்து போயிடாதுங்க, சத்தம் மட்டும்தான் போகும். மேல தூங்கறது ஊரார் பெத்த பொண்ணுங்க. வயர் மாத்தற வரைக்கும் இந்தச் சாவிய யாருக்கும் தர மாட்டேன், உங்களுக்கும்தான். போயி சுவர் வெட்டற ஆளைக் கூப்பிடுங்க."