தூக்க வேண்டியவர்கள் பட்டியல்

கடலோரத் தெருக்கள் ஏழுக்கும் நான்தான் பொறுப்பாளர். புயல் வந்தால் தானாக நடந்து வர முடியாதவர்கள் யார், எந்த மாடி, எத்தனை பேர் சேர்ந்து தூக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கு ஊதி ஒத்திகை நடக்கும். வராமல் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவர்களை வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். என் வாய்க்குப் பயந்துதான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வரட்டுமே, எதற்குப் பயந்தால் என்ன?

அன்று ஒத்திகை இல்லை. மதியம் இரண்டு மணிக்குள் கடல் தெருவுக்குள் ஏறும் என்று காலை ஒன்பதுக்கு எச்சரிக்கை வந்தது. பத்து மணிக்கே போன் எல்லாம் செத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் முகாம். அதன் வாசலில் பட்டியலோடு நின்றேன். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. காற்று கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. வேன் வரும், இரண்டு பேரை இறக்கும், நான் டிக் அடிப்பேன், வேன் திரும்பி ஓடும். ஏன் இவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு தடவையும் வேன்காரரிடம் சள்ளென்று விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்?

பன்னிரண்டரைக்குக் கடைசி ஆளை இறக்கினார்.

"முப்பத்துநாலும் வந்தாச்சு மேடம். சரிதானே? பாலத்து ரோட்டுல தண்ணி ஏறுது. இனிமே போக முடியாது."

"சரிதான்" என்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். துறைமுகத்தில் வேலை. படகுகளை இழுத்துக் கட்ட விடியற்காலையே போனவர். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உங்க அக்கா எங்க?"

"நீங்க தூக்கிட்டு வரலையா?"

"நானா? நேரா வேலையிலேர்ந்து வர்றேன். பட்டியல் உன் கையிலதானே இருக்கு?"

என் கையில்தான் இருந்தது. அதில் அக்கா இல்லை. நாலு வருடம் முன்னால் கீழே விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய், எங்கள் வீட்டு மாடியறையில் கிடக்கும் என் சொந்த அக்கா. எங்கள் வீட்டுக்கு நேரே 'உதவி தேவையில்லை' என்று நானே எழுதியிருந்தேன். பொறுப்பாளர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். நம் வீட்டு ஆளை நாம் பார்த்துக்கொள்ள மாட்டோமா என்கிற திமிர். "என்னையும் ஒரு தடவை ஒத்திகைக்குக் கூட்டிட்டுப் போயேன்டீ" என்று கேட்டிருக்கிறாள். சும்மா எதற்கு உன்னை அலைக்கழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். அன்று காலையிலும், "அவரு வந்து தூக்கிட்டு வருவாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். இவரிடம் சொல்லத்தான் மறந்துபோனேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேன்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்; நானும் வீட்டுக்காரரும் ஓடி ஏறினோம். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போய்ச் சேர்ந்தபோது எங்கள் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். ஆண்கள் இருவரும் அக்காவை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். மேலிருந்து ஏழாவது படியில் மாடிப்படி திரும்புகிறது. ஸ்ட்ரெச்சர் அங்கே திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், அக்கா கீழே விழப் பார்த்தாள். முப்பத்துநாலு வீட்டுப் படிகளையும் டேப் வைத்து அளந்தவள் நான்.

"மேல கொண்டு போய் வைங்க" என்றாள் அக்கா. குரலில் பதற்றமே இல்லை. "மெத்தைக்கு அடியில போர்வை இருக்கு, எடுத்துட்டு வாடீ."

இரண்டு போர்வைகளைச் சேர்த்துத் தைத்திருந்தாள். நாலு மூலையிலும் பிடித்து இழுக்க முடிச்சு.

"என்னை அதுல போட்டு, கால் முன்னால போற மாதிரி இழுங்க. திருப்பத்துல சுவரோட ஒட்டி வாங்க. ஒன்பதாவது படி உடைஞ்சிருக்கு, அங்க மட்டும் தூக்குங்க."

தினம் இருபது தடவை ஏறி இறங்குகிறேன். ஒன்பதாவது படி உடைந்திருப்பது எனக்குத் தெரியாது. அவள் சொன்னபடியே இழுத்தோம். இரண்டே நிமிடத்தில் கீழே வந்துவிட்டாள்.

வேன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் தலை என் மடியில் இருந்தது. ஈரச் சட்டையின் கையை மடித்துவிட்டபோது முழங்கை தெரிந்தது. பழைய காய்ப்பு, அதன் மேல் புதுச் சிராய்ப்பு. படுக்கை உரசுகிறது என்று நினைத்து நான் மருந்து போட்டுவந்த இடம்.

"இது எப்படிக்கா வந்தது?"

"ஒத்திகை அன்னிக்குத்தான் வீட்ல யாரும் இருக்க மாட்டீங்க. சங்கு ஊதினதும் நானும் இறங்க ஆரம்பிப்பேன்."

"தனியாவா? எதுவரைக்கும்?"

"போன தடவை கடைசிப் படி வரைக்கும் போயிட்டேன். இறங்கறது சுலபம்டீ. நீ வர்றதுக்குள்ள திரும்ப ஏறணும் பாரு, அதுலதான் உயிர் போகும்."

மடித்த சட்டைக் கையைத் திரும்ப இறக்கிவிட்டேன்.

"அப்புறம் இன்னிக்கு ஏன்க்கா இறங்கலை?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு நெஜமாச்சே. வருவீங்கன்னு இருந்தேன்."