குறிச்சொல்: அண்ணன் வரவில்லை

துவைத்துக் காய்ந்த துணிகளைத் தங்கை மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தான். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் இப்படி வலியப் போன் செய்தவனில்லை. அம்மாவைப் பற்றி அவள் எழுதிவந்த வலைப்பூவை ஆபீசில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறானாம். சொந்தக்காரர்களுக்கும் அனுப்பப் போகிறானாம். "நாம அம்மாவ எப்படிப் பார்த்துக்கிட்டோம்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்" என்றான். ஆனால் எல்லாம் கலந்துகட்டிக் கிடக்கிறதாம். ஒவ்வொரு பதிவுக்கும் குறிச்சொல் போட்டுப் பிரித்து வைத்தால் தேடிப் படிக்கச் சுலபமாக இருக்கும் என்று யோசனை வேறு.

"அதுக்கென்னண்ணா, போட்டுடறேன்" என்றாள். குரலில் தேன் வழிந்தது, வயிறு எரிந்தது. பார்த்துக்கிட்டோமாம். அம்மாவுக்கு எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும் என்றாவது அவனுக்குத் தெரியுமா?

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்குப் பிரித்து அடுக்குவதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றே உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். அம்மா, தூக்கம், மருந்து என்று சொற்கள் விழுந்தன. பிறகு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த பதிவு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அவளுமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டதை எழுதியிருந்தாள். அன்று அண்ணனுக்குப் போன் மேல் போன் அடித்ததை எழுதவில்லை. எழுதியதையெல்லாம் அம்மா படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பாள், மகனைப் பற்றி ஒரு சொல் குறைவாக வந்தாலும் முகம் வாடிவிடும். அதற்குப் பயந்தே அத்தனையையும் விழுங்கியிருந்தாள். இப்போது கேட்க அம்மா இல்லை. குறிச்சொல் பெட்டியில் 'அண்ணன் வரவில்லை' என்று அடித்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

அதன்பின் கை நிற்கவில்லை. அம்மா ஜன்னல் வழியே மழை பார்த்த பதிவு, அண்ணன் வரவில்லை. நர்சைத் திட்டிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்ட பதிவு, அண்ணன் வரவில்லை. மற்ற சொற்கள் நினைவுக்கே வரவில்லை. எட்டிப் பார்த்த கணவர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, பூனை குட்டி போட்டதுக்கு உங்கண்ணன் எதுக்கு வரணும்?"

"அன்னிக்கும் வரலல்ல?" என்றாள்.

வலைப்பூவின் ஓரத்தில் குறிச்சொற்கள் எல்லாம் ஒன்றாகத் தெரியும்படி வைத்தாள். எந்தச் சொல்லில் பதிவுகள் அதிகமோ அதன் எழுத்து பெரிதாகிவிடும். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே 'அண்ணன் வரவில்லை' கடைப் பலகை மாதிரி வீங்கி நின்றது. குடும்பக் குழுவில் சுட்டியைப் போட்டு, 'அண்ணன் கேட்டபடி பிரித்து வைத்திருக்கிறேன்' என்று எழுதினாள். பெரியம்மா, சித்தப்பா, அண்ணனின் மாமனார் வீட்டார் எல்லோரும் அதில் இருந்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும். பார்த்து, அவன் எதிரில் வரும்போதெல்லாம் அவர்களுக்கு இது நினைவுக்கு வரட்டும்.

மறுநாள் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். கத்துவான், பதிலுக்கு ஒன்றுவிடாமல் கொட்டிவிடலாம் என்று தயாராக இருந்தாள். அவன் கத்தவில்லை.

"உன் வலைப்பூவ நான் இதுவரைக்கும் திறந்து படிச்சதே இல்ல. நேத்துதான் பார்த்தேன். பெரிசா இருந்தத தொட எனக்குத் தைரியம் வரல. கீழ அம்மான்னு இருந்துச்சு, அதத் தொட்டேன். நாலு பதிவுதான் வந்துச்சு. மிச்ச அம்மா எங்க?"

"எல்லாம் உன் பேருக்குக் கீழதான் இருக்கு. அங்க போய்ப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சரியான அடி. இத்தனை வருடம் காத்திருந்து கொடுத்த அடி. கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, போனில் வலைப்பூவைத் திறந்தாள். அண்ணன் திரையை அடைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அடியில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேட வேண்டிய அளவில், பொடி எழுத்தில் அம்மா இருந்தாள். விரலை வைத்தாள். அண்ணனின் பக்கம் திறந்தது. பழைய பக்கத்துக்குத் திரும்பி, நகத்தின் நுனியால் பார்த்துப் பார்த்துத் தொட்டாள். மறுபடியும் அண்ணன்தான் வந்தான்.