தொட்டிக்குள் ஒலித்த போன்

மாலை நாலேகாலுக்கு வேதியியல் கூடத்தின் கடைசி வகுப்பு முடிந்தது. ஆய்வக உதவியாளன் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்தான். உடைந்த மேசைகள் கிடந்த காலியிடத்தில் அவன் தங்கையும் அவள் கணவனும் காத்திருந்தார்கள்.

கணவனின் இடது கையில் முழங்கை வரை கட்டு. அவனுக்குப் பெட்ரோல் பங்கில் வேலை. ஒரு காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. அதே நேரம் குப்பென்று தீ. கூப்பிட்டவள் மனைவி. பால் வாங்கி வரச் சொல்வதற்காக.

அதற்குப் பிறகு அவள் போனைத் தொடவில்லை. போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெயிலில் நடந்தாள். அண்ணனுக்கு மறுநாள்தான் தெரிந்தது. உடனே போய்ப் பழைய மீன் தொட்டி ஒன்றைத் தேடி எடுத்தான்.

"எத்தனை தடவைதான் சொல்றது? கார்க்காரன் சீட்டுல உரசி ஒடம்புல கரண்டு ஏத்திக்கிட்டு எறங்கி வந்து பைப்பைத் தொட்டிருக்கான். அந்தப் பொறிதான். போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"பங்க்ல போர்டு வெச்சிருக்காங்களேண்ணா. போன் படம் போட்டு, குறுக்க கோடு போட்டு."

"போர்டு வெச்சவன் சோதிச்சுப் பாத்துட்டா வெச்சான்?"

"எனக்குத்தான் மச்சான் மானம் போகுது," என்றான் கணவன். "பொண்டாட்டி போன் பண்ணா எல்லாருக்கும் பத்திக்கிட்டு வரும், உனக்கு நெஜமாவே பத்திக்கிச்சேன்னு பங்க்ல ஓட்டுறானுங்க."

தங்கை சிரிக்கவில்லை.

தொட்டிக்குள் ஒரு பழைய போன் நூலில் தொங்கியது. மேலே பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டியிருந்தது. அண்ணன் ஊசிக் குழாயால் உள்ளே சில சொட்டுப் பெட்ரோல் விட்டான். ஆவி கூடினாலும் பற்றாது, குறைந்தாலும் பற்றாது. அந்த அளவைப் பிடிப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

"போன் அடிச்சுப் பத்தலைன்னா, பெட்ரோல் சரியில்லம்ப. உன்னைத் தெரியாதா? அதனால கடைசியில நானே லைட்டரால பொறி விட்டுப் பத்த வெச்சுக் காட்டுறேன். பெட்ரோல் சரி, போன்தான் ஒண்ணும் பண்ணலைன்னு அப்பத் தெரியும்."

அடுப்பு பற்றவைக்கும் லைட்டரிலிருந்து நீளமாய் இரண்டு கம்பிகள் தொட்டிக்குள் போயின. மூவரும் கவிழ்த்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அண்ணன் தன் போனை அவளிடம் நீட்டினான்.

"நீயே பண்ணுண்ணா."

"நீதான் பண்ணணும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். தொட்டிக்குள் வெளிச்சம் வந்தது. போன் அடித்தது, ஓய்ந்தது. இன்னொரு முறை. ஒன்றும் இல்லை. இன்னொரு முறை.

"பாட்டை மாத்துங்க மச்சான். இதைக் கேட்டா எனக்கே எரியுது."

"அன்னைக்கு இவர் போன் அதிர்ந்துச்சு," என்றாள் தங்கை. "இது சும்மா பாடுது."

அண்ணன் பல்லைக் கடித்தான். தாளைப் பிரித்து, போனில் அதிர்வை வைத்து, தொட்டியைக் காற்றாட விட்டு, மறுபடி சொட்டு விட்டு, மறுபடி தாளைக் கட்டினான். அவள் கூப்பிட்டாள். போன் நூலில் துள்ளியது. அவ்வளவுதான்.

அவள் இந்த முறை கண்ணை மூடவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்தக் கார்க்காரன்தானா? கடன்காரப் பாவி."

"அவன்தான்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே."

"நீங்க சொன்னா நான் நம்பணுமா?"

அண்ணனுக்கு இறுக்கம் தளர்ந்தது. வகுப்பாக இருந்தால் பற்றவைக்கும் முன் உரக்கச் சொல்லியிருப்பான். இங்கே வீட்டு ஆட்கள்தானே. அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து லைட்டரை அழுத்தினான். 'டிக்' என்றது. பற்றவில்லை. கம்பியைச் சரிசெய்து மறுபடி அழுத்தினான்.

தாள் கிழிந்து பறந்தது. நீலமாய் ஒரு நாக்கு எழும்பி அடங்கியது. தொட்டியின் ஒரு பக்கம் விரிசல் விட்டது.

"பாத்தியா! பொறி விட்டாத்தான்..."

திரும்பினான். தங்கையின் காதில் போன் இருந்தது. தொட்டியின் அடியில் மற்ற போன் கருகிய நூலோடு கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணின?"

"பயம் போயிடுச்சான்னு நானா ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தேன்."

"ஐயோ. யாரு கூப்பிடச் சொன்னா?"

"சொல்லாமக் கூப்பிட்டாத்தானே தெரியும்?"



"அது என் லைட்டர்," என்றான் அண்ணன். "நான்தான் அழுத்தினேன். இங்க பாரு, விரலைக்கூட எடுக்கல. நான் அழுத்தினேன், பத்திச்சு. போன் அடிச்சது தற்செயல்."

"ரெண்டு தடவை அழுத்தின."

"ஆமா."

"மொதத் தடவை நான் கூப்பிடல. ரெண்டாவது தடவைதான் கூப்பிட்டேன்."

"தெரியுது. தொட்டி ஒடைஞ்சுபோச்சு. வேற தொட்டி எடுத்து நாளைக்குத் திரும்பச் செய்யலாம்."

அவள் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அதே பெட்ரோல். அதே லைட்டர். மொதத் தடவை அழுத்தினப்ப ஏன்ணா பத்தல?"