முந்நூற்றுப் பன்னிரண்டு ‘ம்’

1

இந்தக் கதை குப்பையிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது.

மனநல வல்லுநர்களோடு வாராவாரம் ஒலிபரப்பாகும் வானொலி உரையாடல் ஒன்றுக்கு ஒலித்தொகுப்பு செய்வது என் பிழைப்பு. இருமல், நாற்காலி முனகுவது, தண்ணீர் விழுங்கும் சத்தம் என்று எல்லாவற்றையும் வெட்டுவேன். வெட்டியதை உடனே அழிக்க மனம் வராமல் கணினியில் ‘குப்பை’ என்று பெயரிட்டு ஓரிடத்தில் போட்டு வைப்பேன். இப்படி நாற்பத்தொரு உரையாடல்கள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றையும் மூன்று தடவையாவது கேட்டிருக்கிறேன். அதனால் பதற்றம், துக்கம், தூக்கமின்மை, கோபம் எதைப் பற்றியும் என்னால் ஐந்து நிமிடம் பேச முடியும். யாரும் கேட்காவிட்டாலும் பேசுவேன்.

2

முதல் வரிக்காக எழுதிப் பார்த்தவை:

“அக்கா ஜன்னலோரம் நின்று வானத்தையே—” (அக்கா வானத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பாள்.)

“பாலத்தின் நடுவே பஸ் நின்றபோது அவளுடைய கைகள்—” (நான் அங்கே இல்லை. கையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்.)

“என் அக்கா பஸ் ஓட்டுகிறவள், ஆறு வாரமாக ஓட்டவில்லை.”

இது இருக்கட்டும். பதினெட்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தவள் ஒருநாள் காலை பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்து, “கை வரல” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். விடுப்பு எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்கும் வண்டியை எடுக்காவிட்டால் டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வண்டிக்கு வந்ததில்லை.

நான் சும்மா இருப்பேனா? பயத்துக்கு மூச்சுப்பயிற்சி சொன்னேன். பாலத்தைப் பத்துப் படியாகப் பிரித்து ஒரு நாளைக்கு ஒரு படி என்று அட்டவணை போட்டு, அச்சடித்து, அவள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். அக்கா அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: “ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியனாம். நீ என்கிட்டேருந்து ஆரம்பிச்சிருக்க.” அதற்குப் பிறகு பாலத்தைப் பற்றிய பேச்சையே எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

3

இப்போது மருத்துவர் வருகிறார். நாற்பத்தோராவது உரையாடலுக்கு வந்த பெண்மணி.

இவரைப் பற்றி எனக்கே ஒரு சந்தேகம். கதைகளில் வரும் மனநல மருத்துவர்கள் மெல்லிய குரலில் ஞானம் பேசுகிறார்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். இவருக்கு வெண்கலக் குரல். நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் வாசல் காவலாளியோடு சண்டை போட்டுவிட்டு, அதே சூட்டோடு உள்ளே வந்து கோபத்தைக் கையாள்வது எப்படி என்று பேசினார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. இடைஞ்சல், கேள்வி கேட்கும் எங்கள் நிகழ்ச்சித் தொகுப்பாளரால். முன்பு விளையாட்டு வர்ணனை செய்தவர். அங்கே வாயை மூடாமல் பேசியதற்கு இங்கே பரிகாரம் செய்கிறாரோ என்னவோ, எதிராளி பேசப் பேச “ம்”, “ம்” என்று ஒரே ‘ம்’தான். ஐம்பது நிமிடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். கண்ணாடிபோல ஆகிவிட்டது ஒலி. பெருமையோடு மருத்துவருக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“தம்பி, நல்லா வெட்டியிருக்கீங்க. ஆனா நான் யார்கிட்ட பேசிட்டிருக்கேன்?”

“மேடம், உங்க பேச்சுல ஒரு எழுத்துகூடத் தொடல. அவங்க ‘ம்’ மட்டும்தான் எடுத்தேன்.”

“அதத்தான் கேக்கறேன். எங்க அப்பா போனப்புறம் ஒரு வருஷம் அவர் ரூமுக்குள்ள நான் போகலன்னு சொன்னேன் பாருங்க, அத நான் வீட்லகூடச் சொன்னதில்ல. அவங்க கேட்டுட்டே இருந்தாங்க, வந்துடுச்சு. இப்பக் கேட்டா, யாரும் கேக்காம நானா வந்து கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கு. திருப்பிப் போடுங்க.”

4

பிடுங்கியதை ஒவ்வொன்றாக நட ஒரு நாள் முழுக்க ஆனது. முதல் ஐம்பது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

நூறைத் தாண்டியபோது மெல்லக் கவனம் வந்தது. மருத்துவர் தன் அப்பாவின் அறையைப் பற்றித் தொடங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்துகிறார். ஒன்பது நொடி ஒன்றுமில்லை. பிறகு தொகுப்பாளரின் ‘ம்’ ஒன்று, கதவைத் திறக்காமல் வெளியேதான் நிற்கிறேன் என்று சொல்வதுபோல. மருத்துவர் தொடர்கிறார். அந்த ஒன்பது நொடியில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். “இது இயல்புதான் டாக்டர், துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள்—” என்று ஆரம்பித்திருப்பேன். அவர் கோபத்தைக் கையாளும் விதத்தை நேரிலேயே பார்த்திருப்பேன்.*

(* சின்ன வயதில் கதை சொல்கிறவர்கள் “ம் கொட்டு” என்பார்கள். பிள்ளை தூங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.)

அன்று சனிக்கிழமை. வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

5

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க. இன்னிக்கு எந்த டாக்டர் சொன்னது?”

“ம்.”

“என்ன ம்? தொண்டை கட்டிடுச்சா?”

தலையாட்டி வைத்தேன். அவள் எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்தாள். நோயில்லாத தொண்டைக்கு ஒரு டம்ளர் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன்.

“பட்டன் ரெண்டு போயிருந்துச்சு. திங்கக்கிழம போடறதுக்குன்னு இல்ல. சும்மா தச்சு வைக்கறேன்.”

“ம்.”

[இங்கே பன்னிரண்டு நொடி. வெட்டவில்லை.]

“பாலம்லாம் ஒண்ணும் இல்லடா. போன வாரம் உங்க மாமா வண்டிய எடுத்துட்டு அது மேல ரெண்டு தரம் போயிட்டு வந்தேன்.”

வாயில் இருந்த வெந்நீர் மூக்குக்கு ஏறியது. “ம்” என்றேன் எப்படியோ.

“அன்னிக்கும் கை நடுங்கினது ரெண்டு நிமிஷம்தான். ஏன்னு தெரியல. அதுவா வந்துச்சு, அதுவா போயிடுச்சு. ஓட்டியிருப்பேன். அதுக்குள்ள பின்னாடிலேருந்து ஒருத்தர், என்னம்மா, வண்டி ரிப்பேரான்னு கேட்டார். நான் ஆமான்னுட்டேன்.”

“ம்.”

“சொன்னப்புறம் எப்படி எடுக்கறது? நாப்பது பேர வெயில்ல எறக்கி அடுத்த பஸ்ல ஏத்திவிட்டேன். டிப்போலேருந்து மெக்கானிக் வந்தார். எஞ்சின் மூடியத் தொறந்து பத்து நிமிஷம் உள்ள பாத்துட்டே இருந்தார். என்னை ஒரு தடவ பாத்தார். மூடிட்டு, பெல்ட் மாத்தினதா எழுதிட்டுப் போயிட்டார். ஒரு வார்த்த கேக்கல.”*

(* அவர் எழுதியது வேறு உதிரிப்பாகம். மாற்றியிருக்கிறேன். அவர் வேலைக்கு உலை வைக்க இந்தக் கதை வரவில்லை.)

“பதினெட்டு வருஷத்துல என் வண்டிக்குப் பொய் ரிப்போர்ட் ஒண்ணு கிடையாது. நான் சொன்ன பொய்க்கு அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டிருக்கார். அவர் மூஞ்சில எப்படி முழிக்கறது?”

ஆறு வாரமாக நான் பல்வலிக்குக் காலில் களிம்பு தடவியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவள் என்னிடம் சொல்லிவிட்டாள் என்பதில் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. பதினேழாவது வாரத்து உரையாடல் முழுக்கக் குற்றவுணர்வு பற்றியதுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மிச்ச வெந்நீரோடு சேர்த்து விழுங்கினேன்.

“அவர்கிட்டச் சொல்லிட்டா ஓட்டிடுவேன்னு தோணுது.”

“ம்.”

“சொல்லாமலும் ஓட்டலாம்தான்.”

“ம்.”

“என்னடா, ரெண்டுக்கும் தலையாட்டற?” என்று சொல்லிச் சிரித்தாள். ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. பல்லால் நூலைக் கடித்து அறுத்துச் சட்டையை உதறினாள்.

6

ஞாயிறு காலை இதுவரைக்கும் எழுதிவிட்டு, முடிவுகளாக மூன்று எழுதினேன்.

(அ) அக்கா போய்ச் சொல்கிறாள். மெக்கானிக், “எந்த வண்டி? எனக்கு ஞாபகமே இல்லையே” என்கிறார். (இப்படி ஒரு தங்கமான மனிதரை வாசகர்கள் நம்பமாட்டார்கள்.)

(ஆ) மெக்கானிக் சீறுகிறார்: “உங்களுக்காக நான் ஆறு வாரமா தூங்காம—” (இவரை நம்பலாம். ஆனால் எனக்கு மனசில்லை.)

(இ) அக்கா சொல்வதில்லை. தினமும் அவருக்கு வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, இருபது வருடம் கழித்து ஓய்வுபெறும் நாளில்— (அதற்குள் எனக்கே ஞாபகம் இருக்காது.)

மூன்றையும் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். காகிதத்தைத் தள்ளிப் பிடித்து, நெற்றியைச் சுருக்கிப் படித்தாள்.

“பேர் எதுவும் போடலல்ல?”

“போடல.”

“அப்ப சரி. ஆனா இது மூணும் இல்ல. அவர் இப்படியெல்லாம் பேச மாட்டார்.”

“பின்ன எப்படிப் பேசுவார்?”

“நான் இன்னும் போய்ச் சொல்லவே இல்லையே. நீ ஏன் அதுக்குள்ள பதில் எழுதற?”

மூன்றையும் வெட்டிக் குப்பையில் போட்டேன். நீங்கள் மேலே படித்தது அங்கிருந்து எடுத்ததுதான்.

7

திங்கட்கிழமை. பதினொன்றே கால். தொலைபேசியில் அக்கா. பின்னணியில் ஹாரன், பிரேக்கின் காற்றுச் சத்தம், யாரோ யாரையோ வண்டியை ஒதுக்கச் சொல்வது. இவற்றில் ஒன்றைக்கூட நான் வெட்ட மாட்டேன்.

“மொத ட்ரிப் முடிஞ்சுதுடா.”

“ம்.”

“பாலத்த எப்பத் தாண்டினேன்னே தெரியல.”

“ம்.”

“வந்து எறங்கினா, அவர் எதிர்ல நிக்கறார். கையெல்லாம் கிரீஸு. நேராப் போய்ச் சொல்லிட்டேன்.”

நிறுத்திவிட்டாள். நான்கு நொடி. ஐந்து. அவர் என்ன சொன்னார் என்பது அக்காவின் தொண்டையில் இருக்கிறது. பதினேழாவது வாரம் என் தொண்டையில் இருக்கிறது. என்னை நம்ப முடியாது, எந்த நேரமும் பேசிவிடுவேன். அதனால் தொலைபேசியை உங்களிடம் கொடுக்கிறேன்.

நீங்கள் அறிவுரை எதுவும் யோசிக்க வேண்டாம். உதட்டைப் பிரிக்காமலே செய்துவிடலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. முந்நூற்றுப் பதின்மூன்றாவதை மட்டும் நான் ஒட்டித் தர மாட்டேன். எட்டு நொடி ஆகிவிட்டது. அக்கா கேட்கிறாள்:

“இருக்கியாடா?”