கோட்டைச் சுவரில் ஒரு பெயர்

சனிக்கிழமை காலை பத்து மணி. வெள்ளானூர் ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில் எழிலரசி பக்கெட்டில் ஊறிய போர்வைகளைக் கும்மிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஜெகதீஷ் பால்கனியில் உட்கார்ந்து, இன்னும் வெளிவராத ஒரு வீடியோ கேமின் முன்னோட்டத்தைப் பதினோராவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடலோரக் கோட்டை, அதன்மேல் விடியல், வானத்தில் பறவைகள். கேமை உருவாக்க ரசிகர்களிடமே பணம் திரட்டினார்கள். பதினைந்தாயிரம் கொடுத்தால் கோட்டைச் சுவரில் பெயரைச் செதுக்குவார்களாம். பணம் கட்ட அன்று பகல் பன்னிரண்டு மணி வரைதான் கெடு. வாஷிங் மெஷினுக்கென்று எடுத்துவைத்த போனஸ் அப்படியே இருந்தது. எழிலரசியின் முதுகுவலியும் அப்படியேதான் இருந்தது.

ஆவடியிலிருந்து நண்பன் சந்தோஷ் போன் செய்தான். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது.

“இன்னா மாமே, கட்டிட்டியா? செவுத்துல நம்ம ரெண்டு பேர் பேரும் பக்கத்துப் பக்கத்துல வரணும். நீ கட்டுனாத்தான் நானு.”

“இதோ, கட்டப் போறேன்டா.”

எழிலரசி ஈரக்கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். “இந்தப் பறவைங்கள எனக்குத் தெரியுமே. அஞ்சு பறவை, மூணாவது மட்டும் பின்தங்கி வரும். நம்ம ஃபிளாட் வீடியோவுல ஏரிக்கு மேல பறக்குமே.”

கட்டப்போகும் அடுக்குமாடிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து விளம்பர வீடியோ செய்வதுதான் அம்பத்தூரில் ஜெகதீஷின் வேலை. இந்த ஃபிளாட்டுக்கும் அவன்தான் செய்தான். ஏரி, நீச்சல் குளம், லிஃப்ட் எல்லாம் வைத்தான். முடித்ததும் அந்த அழகில் தானே மயங்கி, முதல் ஆளாக முன்பதிவும் செய்தான். இன்று பால்கனிக்கு எதிரே ஆடு மேய்கிறது. குளத்துக்குப் பதில் தண்ணீர் லாரி வருகிறது.

“அந்தப் பறவைக் காட்சி ரெடிமேடா விலைக்குக் கிடைக்கிறது எழில். யார் வேணா வாங்கி வைக்கலாம். அத வச்சு ஏமாத்துறாங்கன்னு சொல்ல முடியாது.”

“ஏமாத்துறாங்கன்னா சொன்னேன்? விளையாடிக் காட்டச் சொல்லுங்க. நீங்க வரைஞ்ச குளத்துல ஒருத்தராவது குளிச்சுக் காட்டுங்கன்னு கேட்டிருந்தா நாம இங்க வந்திருப்போமா?”

ஸ்பீக்கரில் சந்தோஷ் சிரித்த சிரிப்பில் ஜெகதீஷுக்குக் காது சிவந்தது. இருந்தாலும், ஐந்து நிமிடம் விளையாடிக் காட்ட முடியுமா என்று அந்தக் கேமின் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டான். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: ‘விரைவில். அதுவரை இதை ரசியுங்கள்.’ கூடவே ஒரு படம். அதே கோட்டை, இந்த முறை மாலை வெயிலில்.

‘விரைவில்’ என்பதைப் பார்த்ததும் ஜெகதீஷ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். ஃபிளாட் வீடியோவில் நீச்சல் குளத்தின்மேல் அதே சொல்லை எழுதியதும் அவன் கைதான். பன்னிரண்டு மணி வந்தது, போனது.

மறுநாள் வாஷிங் மெஷின் வந்தது. லிஃப்ட் வீடியோவோடு நின்றுவிட்டதால், நண்பர்கள் இருவரும் மூன்று மாடி தூக்கினார்கள்.

“கேமு நெசமாவே வந்துட்டா இன்னா பண்ணுவே?” மூச்சு வாங்கக் கேட்டான் சந்தோஷ்.

“முதல் நாளே வாங்கி விளையாடுவோம்டா. படம் நல்லா இருந்தா கைதட்டலாம். காசு கொடுக்கணும்னா சாமான் கண்ணு முன்னாடி ஓடணும். ஆசைப்படறது தப்பில்ல, கேள்வி கேட்காம ஆசைப்படறதுதான் தப்பு.”

எழிலரசி பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி மூடிக்குக் கீழே போர்வை சுழல, மூவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“கிராபிக்ஸ் சுமார்தான் மாமே,” என்றான் சந்தோஷ். “ஆனா ஓடுது.”