மேலுதட்டுக்கு அடியில்

காலை ஏழேகால். கஞ்சிக் கிண்ணம் காலியானதும் ஸ்டூரே இடது கையின் நடுவிரலால் மேசையைத் தட்டத் தொடங்கினான். எதற்கென்று மோனாவுக்குத் தெரியும். எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில் இருந்த வட்ட டப்பாவை எடுத்தாள். கல்யாணமான புதிதில் அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: ஸ்னூஸ் என்ற ஈரப் புகையிலைத்தூளின் டப்பா வீட்டுக்குள் வரக் கூடாது. அதன்படி டப்பா இத்தனை வருடமும் விறகுக் கொட்டகையில் இருந்தது. டப்பாதான் வரவில்லை. அவன் உதட்டுக்கடியில் அதக்கிய புகையிலை அவனோடு உள்ளே வந்தது. கழுவுதொட்டியின் சல்லடையில் ஈரக் கருப்பு உருண்டையாகக் கிடந்தது. முதல் தடவை அதைச் செத்த சுண்டெலி என்று நினைத்து அவள் கத்தியிருக்கிறாள். தலையணை உறையில் பழுப்புக் கோடாக இறங்கியிருந்தது. இப்போது டப்பாவும் உள்ளே வந்துவிட்டது, வெண்ணெயை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ரொட்டியில் தடவுவதற்கு முன் அவள் வெண்ணெயை முகர்ந்து பார்க்கிறாள்.

மூடியைத் திறந்ததும் உப்பும் குதிரை லாயத்து மூத்திரமும் கலந்த வாடை எழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்தாள். ஈரத்தூள். உருட்டி, அழுத்தி, மறுபடி உருட்டினால்தான் பேரீச்சங்கொட்டை மாதிரி இறுகும். ஆரம்பத்தில் மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செய்தாள். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். கையுறையில் அது இறுகவில்லை. வாயில் வைத்ததும் உதிர்ந்து, பல்லிடுக்கிலும் நாக்கிலும் பரவி, அவனுக்குப் புரையேறி, மேசைவிரிப்பு முழுக்கத் துப்பிவிட்டான். அதற்குப் பிறகு வெறுங்கைதான்.

உருண்டையை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"என் பேரச் சொல்லு. சொன்னா தர்றேன்."

அவன் விரலைப் பார்த்தான்.

"மோ. வாய மூடித் தெற. மோ."

"ம்ம்," என்றான்.

"அவ்வளவுதானா? சரி. இன்னைக்கு இவ்வளவுதான்."

பெருவிரலால் அவன் மேலுதட்டைத் தூக்கினாள். ஈறு கரைந்து அங்கே ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தின் தோல் வெந்நீரில் வெகுநேரம் ஊறிய விரல்நுனிபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது. உருண்டையை அதில் பொருத்தி உதட்டை இறக்கினாள். அவன் கண் சொக்கியது. வாயின் வலது ஓரம் மூடாது. சிறிது நேரத்தில் அந்த வழியாகப் பழுப்பு எச்சில் முகவாய்க்கு இறங்கியது. துடைத்தாள். துணியை இரண்டு விரலால் பிடித்துத் தனி வாளியில் போட்டாள். கையை முழங்கை வரை கழுவினாள். கழுவிய கையை முகர்ந்தாள். போகவில்லை.

ஆகஸ்ட் மாதம் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தபோது அவன் பக்கவாதம் வந்து சரிந்து விழுந்தான். வலது கை போயிற்று, வாயின் பாதி போயிற்று, பேச்சு முழுதும் போயிற்று. காதில் விழுவது பெரும்பாலும் புரிகிறது என்றார்கள். மிஞ்சியது ஒன்றுதான். இந்த வடக்குப் பக்கத்து ஆட்கள் "ஆமாம்" சொல்ல வாயைத் திறப்பதில்லை. உதட்டைக் குவித்துச் சுருக்கென்று காற்றை உள்ளே இழுப்பார்கள். அது மட்டும் அவனுக்கு வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஹெட்விக் தெற்கத்திப் பெண். ஸ்டூரேயின் முதல் "ஆமாம்" கேட்டதும் அவனுக்கு மூச்சுத் திணறுகிறது என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனாள். மோனா அன்றைக்குத்தான், அந்த இலையுதிர்காலத்தில் ஒரே ஒரு தடவை, சிரித்தாள்.

ஹெட்விக் சொன்னது எளிமையாக இருந்தது. "பயிற்சிக்குன்னு தனியா நேரம் ஒதுக்காதீங்க. ஒரு வாரம் ஓடும், அப்புறம் நின்னுடும். அவர் எப்படியும் தினம் எதைச் செய்வாரோ அதோட கோத்து விடுங்க. காப்பிக்கு முன்னாடி ஒரு சொல்லு. காப்பி நிக்காதுல்ல? அப்போ சொல்லும் நிக்காது."

"எந்தச் சொல்லு?"

"அவருக்கு எது முக்கியமோ அது. உதட்டுல தொடங்குற சொல்லா இருந்தா நல்லது." ஹெட்விக் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "உங்க பேரே சரியா இருக்கே."

மோனாவுக்கு வேண்டியிருந்ததே அது ஒன்றுதான். ஸ்டூரே என்றைக்குமே பேச்சுக்காரன் அல்ல. காகிதக்கூழ் ஆலையிலிருந்து வந்து, கதவைத் திறந்து, பூட்ஸைக் கழற்றுவதற்கு முன் "மோனா" என்பான். அவ்வளவுதான். அதற்கு அவள் பல நாள் பதில்கூடச் சொன்னதில்லை. மருத்துவமனையில் அவன் கண் விழித்தபோது அவள் குனிந்து நின்றாள். அவன் அவளை விளக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இன்னொரு தடவை அவன் தன்னைக் கூப்பிட வேண்டும். அது நடக்காமலே போனால், இந்த வீட்டில் தான் துணியும் வாளியும் பிடிக்கும் ஒரு கை மட்டும்தான் என்று அவளுக்குப் பட்டது.

காப்பியில் கோத்துப் பார்த்தாள். கோப்பையைத் தள்ளிப் பிடித்தால் அவன் சன்னலைப் பார்த்தான். காப்பி ஆறியது. கேக்கில் முயன்றாள், வானொலியில் முயன்றாள், மாலையில் சவரம் செய்துவிடும்போது முயன்றாள். எதற்கும் அவன் அசையவில்லை. எல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று இருந்தான். அவன் மேசையைத் தட்டிக் கேட்டது ஒன்றைத்தான். மருத்துவர் அதை நிறுத்தினால் நல்லது என்றார். நிறுத்தச் சொல்லும்போது மோனாவுக்கு மனம் குளிர்ந்தது. பிறகு வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் யோசித்துவிட்டு, விறகுக் கொட்டகைக்குப் போய் டப்பாவை அவளே எடுத்து வந்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில் அந்தச் சொல் வந்தது. எந்த முன்னறிவிப்பும் இல்லை. அவள் உருண்டையை உயர்த்தினாள், அவன் உதடு மூடித் திறந்தது.

"மோனா."

தேய்ந்த, சளி கட்டிய குரல். ஆனால் முழுச் சொல். உருண்டை அவள் விரலிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தில் விழுந்தது. அவன் கோபமாகக் கிண்ணத்தைப் பார்த்தான். அவள் புதிதாக ஒன்று உருட்டினாள், வழக்கத்தைவிடப் பெரிதாக. வைத்துவிட்டு, கழுவாத கையோடு அவன் தலையைத் தடவினாள். அப்புறம் கை கழுவாதது நினைவுக்கு வந்து, அவன் முடியையும் கழுவ வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் எளிதாக ஓடியது. உணவுக்குப் பின் ஒரு தடவை, காப்பிக்குப் பின் ஒரு தடவை, இடையிலும். ஒவ்வொரு தடவையும் "மோனா." அருவருப்பு குறையவில்லை. நகக்கண்ணில் கருப்பு ஏறி நின்றது. ரொட்டி பிசையும்போது அவளுக்குத் தன் கையே பிடிக்கவில்லை. ஆனாலும் தட்டும் சத்தம் கேட்டால் அவள் கொஞ்சம் வேகமாகவே எழுந்தாள்.

புதன்கிழமை நகராட்சி அனுப்பும் வீட்டு உதவியாள் யான்னே வந்தான். ஐம்பதை நெருங்கும் பெரிய உடம்புக்காரன், ஸ்டூரேயைக் குழந்தையைப்போலத் தூக்கிக் குளிப்பாட்டுவான். அவனும் அதக்குகிறவன்தான், சிரித்தால் உதட்டுக்கடியில் குட்டிப் புகையிலைப் பொட்டலத்தின் வெள்ளை விளிம்பு தெரியும். அவனை விட்டுவிட்டு மோனா முடி வெட்டிக்கொள்ளப் போனாள். கடைக்காரியிடம் சொன்னாள்: "என் பேரச் சொல்லிட்டாரு." சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து கேட்டது.

"மோனா."

ஒரு பூட்ஸ் காலில், ஒரு பூட்ஸ் கையில். அப்படியே நின்றாள்.

"மோனா."

"வந்துட்டேன்!" என்றாள். பனி ஒட்டிய பூட்ஸோடு சமையலறைக்குள் போனாள். தரை நனைந்தது.

"வாங்க, வாங்க," என்றான் யான்னே. "நீங்க போனதுலேர்ந்து உங்க பேருதான். மோனா, மோனா, மோனா. என்னா ஏக்கம்! நான் ரெண்டு நாள் வீட்டுல இல்லன்னா என் பொண்டாட்டி பாட்டு போட்டு ஆடுவா."

அவள் ஸ்டூரேயின் முன்னால் போய் நின்றாள். புதிதாக வெட்டிய முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "இதோ இருக்கேன்."

அவன் தலையைச் சாய்த்தான். அவள் மறைத்தாள் என்பதற்காகச் சாய்த்தான். அவள் இடுப்பைத் தாண்டி, யான்னேயின் சட்டைப்பையில் வட்டமாகத் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தான்.

"மோனா," என்றான் பொறுமையிழந்து.

"இருடா கிழவா, தர்றேன்," என்று யான்னே டப்பாவை எடுத்தான். ஸ்டூரேயின் பார்வை பையிலிருந்து கைக்கு, கையிலிருந்து மூடிக்கு வந்தது. மூடி திறந்ததும், "மோனா," என்றான். இந்தத் தடவை மெதுவாக, அன்பாக.

"அட! அப்ப இதுதான் மோனாவா?" யான்னே சத்தமாகச் சிரித்தான். மோனாவைப் பார்த்ததும் நிறுத்தினான். "இல்ல, சும்மா சொன்னேன். நோயாளி. எதையாவது சொல்வாரு."

அவள் தொட்டிக்குப் போய்க் கை கழுவினாள். அன்று காலைக்குப் பிறகு அவள் டப்பாவைத் தொட்டிருக்கவில்லை.

மறுநாள் ஹெட்விக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஒரு சொல்லு பிடிச்சிருச்சு மோனா. அதுவே பெரிய விஷயம்," என்றாள் ஹெட்விக்.

"என் பேர டப்பாவுக்கு வெச்சுட்டான்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அது நடக்கும். எதோட கோத்தோமோ அதோட ஒட்டிக்கும். நான் காப்பின்னு சொன்னேன்..."

"காப்பின்னா நான் காப்பி ஆயிருப்பேன்."

மோனா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"அவன் சொல்லும்போது குடுக்காம இருந்தா?"

"பேரு அதுலேர்ந்து கழண்டு வரலாம். இல்ல, சொல்லே போயிடலாம். எனக்குத் தெரியல."

"குடுத்துட்டே இருந்தா?"

"சொல்லு தங்கும்," என்றாள் ஹெட்விக்.

அன்று மதியம் மோனா கொடுக்காமல் இருந்து பார்த்தாள். டப்பாவை அலமாரியில் வைத்துச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் கூப்பிட்டான். "இங்க இருக்கேன்," என்றாள். அலமாரியைப் பார்த்துக் கூப்பிட்டான். "இங்க." மேசையை அடித்தான். அழுதான், மூக்கும் வாயும் ஒன்றாக ஒழுகிச் சட்டைக் காலரில் தேங்கின. அவள் அசையவில்லை. கடைசியில் அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் காலை வெறுமனே தட்டினான். உருண்டையைக் காட்டினாள். "மோ," என்றாள். உதடு மூடியது, திறக்கவில்லை. அவள் பயந்துபோனாள். ஒன்றும் கேட்காமல் உதட்டைத் தூக்கி வைத்தாள், காப்பிக்குப் பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. சாயங்காலம் சொல் திரும்பி வந்தது. டப்பாவைப் பார்த்து வந்தது.

ஆகவே அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் வீட்டில் அவள் பெயர் கேட்டது. கேட்கக் கேட்க அது ஈரமாக, கருப்பாக, உப்பு வாடையோடு வந்தது. குளிக்கும்போது தனக்குள் ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். வாயைக் கொப்பளிக்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. அவித்த மீனும் உருளைக்கிழங்கும் முடிந்தன. அவன் தட்டினான். அவள் உருட்டினாள், இறுக்கினாள். உருண்டையை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"மோனா," என்றான் அதைப் பார்த்து.

அவளும் அதைப் பார்த்தாள். விரல்களுக்கிடையே பளபளத்தது. பிறகு இடது கையால் தன் மேலுதட்டைத் தூக்கி அதை உள்ளே வைத்தாள்.

ஈறு எரிந்தது. அமிலம் பட்டதுபோல எரிந்தது. வாய் முழுக்க உடனே எச்சில் ஊறியது, உப்பு, கசப்பு, லாயம். மீன் தொண்டைக்கு ஏறி வந்தது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தலை சுற்றியது. விழுங்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. உருண்டை அவள் பல்லின் மேல் மெதுவாகக் கரைந்து இறங்கியது. டப்பாவை மூடி இழுப்பறைக்குள் தள்ளினாள். நாற்காலியை இழுத்து, முழங்கால்கள் முட்டும்படி அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

அவன் முதலில் அவளுடைய விரல்களைத் தேடினான். அவை காலியாக இருந்தன. மேசையைப் பார்த்தான், மடியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவள் முகத்துக்கு வந்தான். கண்ணில் தங்கவில்லை. வாயில் நின்றான். புடைத்திருந்த உதட்டை, மருத்துவமனைக்குப் பிறகு வேறெதையும் பார்க்காத அளவுக்குக் கூர்ந்து பார்த்தான். அவள் வாயோரத்திலிருந்து பழுப்பு எச்சில் ஒரு கோடாக முகவாய்க்கு இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

அவன் இடது கையை நீட்டினான். நடுவிரல் அவள் உதட்டைத் தொட்டது, அழுத்தியது, அங்கேயே நின்றது. அவன் முகம் அருகே வந்தது. அவன் மூச்சும் அவள் மூச்சும் ஒரே வாடையாக இருந்தன.

"மோனா," என்றான்.

அவளால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. திறந்தால் ஒழுகும். திறந்தாள்.

"என்னத்தானே கூப்பிட்ட?"